விட்டுப்போன எழுத்து

"நைனா, படகு ஆடக் கூடாது. ஒரு பொட்டுகூட நகரக் கூடாது."

மகள் ஈஸ்வரியின் குரலைக் கேட்டதும் கங்காதரன் ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்கவில்லை. கழியைச் சேற்றில் ஊன்றி, தன் பாரத்தை அதன்மேல் சாய்த்துப் படகை நிறுத்தினார்.

ஏரியின் நடுவில் மாலை நாலரை மணி. இடுப்பளவுத் தண்ணீர். காற்று அடியோடு நின்றுபோய், வானம் கீழேயும் ஒன்று இருந்தது. பூநாரைகள் தூரத்தில் ஒற்றைக்காலில் தூங்கின. கடல் முகத்துவாரத்தைப் பார்த்து வடிகிற தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் படகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் மடியில் லேப்டாப். குறுக்குப் பலகையில் போன். அதில் சிக்னல் ஒரே ஒரு கோடு. படகு பத்தடி தள்ளிப் போனால் அந்தக் கோடும் போய்விடும்.

சென்னையில் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியின் சர்வர் அவள் பொறுப்பில் இருந்தது. பேக்கப் பார்க்கிற குழுவில் உன் பெயரையும் சேர்த்துக்கொள் என்று மேனேஜர் போனில் சொன்னார். ஒரு வரி வேலை. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அவளும் அப்படித்தான் அடித்திருக்கிறாள்.

sudo usermod -G backup eswari

G-க்கு முன்னால் ஒரு a வர வேண்டும். 'இருப்பதோடு கூட' என்று அதற்கு அர்த்தம். அந்த a இல்லையென்றால், சர்வரை ஓட்டுகிற லினக்ஸ் தயவுதாட்சண்யம் பார்க்காது. புதுக் குழுவில் பெயரைச் சேர்க்கும், பழைய குழுக்கள் அத்தனையிலிருந்தும் எடுத்துவிடும்.

சர்வரில் எதையும் திருத்துகிற உரிமை உள்ள குழுவிலிருந்தும் அவள் பெயர் போயிருந்தது. அவளே தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொரு சாவி வைத்திருந்த லோகேஷ் போன மாதம்தான் வேலையை விட்டுப் போனான்.

ஒரே ஒரு ஆறுதல். இப்போது திறந்திருக்கிற இந்தத் திரையில் பழைய உரிமை இன்னும் செல்லும். உள்ளே வரும்போது என்னவாக இருந்தாளோ, வெளியே போகும்வரை அவள் அதுதான்.

லைன் அறுந்தால் அதுவும் முடிந்தது. சர்வரை நிறுத்தி, ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டும். நூறு கடைக்குச் சரக்கு நிற்கும். அவள் வேலை நிற்குமா என்பது சந்தேகம். இதை விட்டால் இன்னொரு வேலைக்கு இனி யாரும் அவளை அனுப்பப்போவதில்லை.

"இன்னா ஆச்சு ஈஸ்வரி?"

"என் பேரை நானே எடுத்துட்டேன் நைனா. லைன் அறுந்துச்சுனா திரும்ப உள்ள போக முடியாது. அதுக்குள்ள போட்டுடணும்."

கங்காதரனுக்கு லினக்ஸ் தெரியாது. லைன் அறுவது தெரியும். கழியை இன்னும் அரை அடி இறக்கினார்.

அவள் அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. கனவில் கத்தினால் குரல் வராதே, அப்படி இருந்தது. ஒரு மீன் துள்ளி விழுந்தது. அது எழுப்பிய வட்டம் மெல்ல விரிந்து வந்து படகைத் தொட்டது. அதன்பிறகுதான் முதல் எழுத்து வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒரேயடியாக எல்லாம்.

sudo usermod -aG sudo,adm eswari

a இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு என்டரைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. லினக்ஸில் அதுதான் நல்ல செய்தி. குறை இருந்தால்தான் அது வாயைத் திறக்கும்.

ஆனாலும் அவள் அந்தத் திரையை மூடவில்லை. திறந்திருக்கிற வாசலை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அடிபட்ட எல்லா அட்மினுக்கும் இது தெரியும். இன்னொரு திரையைத் திறந்தாள். கோடு போய், வந்தது. சர்வர் அவளை உள்ளே விட்டது. குழுக்களைக் கேட்டாள். பழையது, புதியது எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு திரைகளையும் முடித்து, லேப்டாப்பை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

மற்றவர்கள் ஏறிப்போன எஞ்சின் படகு எப்போதோ எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதிலிருந்து சீர்ப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராகுல் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரோரமாக நின்றான். அவன் பக்கத்தில் அவன் அம்மா, கையில் ஆரத்தித் தட்டு. எஞ்சின் சத்தத்தில் ஆபீஸ் வேலை ஓடாது, நைனா படகிலேயே வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னது ஈஸ்வரிதான்.

அவள் கழுத்து வியர்வையில் புது மஞ்சள் கயிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

கங்காதரன் கரையில் நின்றவர்களைப் பார்த்தார். மகள் மடியில் மூடிக் கிடந்த லேப்டாப்பையும் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல நைனா."

அவர் கழியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொறுமையா பாரு கண்ணு. அவசரத்துல இன்னாவாச்சும் வுட்டுடப் போற."