அராவிய பெயர்

கோவில்பட்டியில் விஜயராஜ் பழைய பித்தளைச் சாமான்களை வாங்கி, அவற்றில் வெட்டியிருக்கும் பெயரை அரத்தால் அராவிவிட்டு, செல்போன் நேரலையில் ஏலம் விடுவார். அடுத்தவர் பெயரோடு யாரும் வாங்கமாட்டார்கள்.

ஒரு செம்பு மட்டும் இரண்டு முறை திரும்பி வந்தது. "பேரு அப்படியே இருக்கு அண்ணாச்சி" என்றார்கள். இருந்தது. சீனித்தாய்.

"பேரோடயே வித்துருங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் மனைவி உமாதேவி.

"ஏட்டி, நான் அராவுன பேரு எப்படி வரும்?"

மூன்றாம் முறை விரல் தோல் உரியும்வரை அராவினார். மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தார். ஒரு வாரமாகியும் பெயர் வரவில்லை.

ஞாயிறு காலை செம்பைக் கையில் பிடித்தபடி நேரலையைத் தொடங்கினார். முதல் கமெண்ட் வந்தது.

"சீனித்தாயக்கா, இன்னிக்கு நீங்களா? அண்ணாச்சி எங்க?"