இருபது ஜூலுக்கு மேல்

"மாமா, அந்தத் துப்பாக்கிய எடுங்க."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அனிஷா கேட்டுவிட்டாள். அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்த அல்போன்சாவின் கை அப்படியே நின்றது.

மாமனிடம் எதை வேண்டுமானாலும் கேள், துப்பாக்கிப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று போன வாரம்தான் இந்தப் பெண்ணிடம் அவளுடைய அம்மா மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள். அல்போன்சாவும் பக்கத்தில்தான் இருந்தாள். தம்பி மேல் நாத்தனாருக்கு இவ்வளவு பாசமா என்று அன்றைக்கு அவளுக்குக் கண்கூடக் கலங்கியது.

"எந்தத் துப்பாக்கி?" என்றார் கஸ்பார்.

"கொல்லையில சோளத் தட்டைப் படப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அது."

கஸ்பார் மனைவியைப் பார்த்தார். அவள் பாலைப் பார்த்தாள். சத்தியமாக அவள் சொல்லவில்லை.

பேச்சிமுத்துவுக்கு இடது கண் போய்ப் பத்து நாளாகிறது. இவர்களுடைய மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் எங்கிருந்தோ ஒரு ஈயக் குண்டு பாய்ந்தது. சாதாரண ஏர் கன் குண்டு அவ்வளவு தூரம் வந்து இப்படிப் பாயாது என்று போலீஸ் வீடு வீடாக விசாரித்தது. தன்னுடையதை எப்போதோ விற்றுவிட்டதாகக் கஸ்பார் சொன்னார்.

குண்டு பாய்ந்த அன்றைக்குச் சாயங்காலம் அவர் துப்பாக்கியும் கையுமாக, முகம் வெளிறிப்போய்க் காட்டிலிருந்து வந்ததை அல்போன்சா பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"ஸ்பிரிங் மாத்துனீங்களா மாமா?"

"ம்."

மாற்றியிருப்பார். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக ஸ்பிரிங் சுற்றுகிற கை.

"எப்ப?"

"ஆவணியில."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? இவள் என்ன கலெக்டரா? ஒரு அதட்டுப் போடுவார் என்று அல்போன்சா காத்திருந்தாள். கஸ்பாரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லியிருக்கணும் தாயி. தப்புதான்."

அல்போன்சாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எம்புட்டுப் பவர் கூடியிருக்கும்?"

"முக்கால் இஞ்சுப் பலகைய வச்சுச் சுட்டுப் பாத்தேன். தொளச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"அப்ப இருபது ஜூலத் தாண்டிருச்சு. அதுக்கு மேல போனா லைசென்ஸ் வேணும். அது ஏர் கன்னு கணக்குலயே வராது மாமா, நெசத் துப்பாக்கி."

"ஜூலாம் ஜூலு!" அல்போன்சா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏண்டி, ஒனக்குக் கவர்மெண்ட் வேலை வந்துருச்சு. போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சா அடுத்த மாசம் ஃபேனுக்கடியில ஒக்காந்துருவ. ஒங்க மாமன் மட்டும் ஜெயில்ல களி திங்கணுமா?"

"இப்பல்லாம் களி போடுறதில்ல அத்தை. சோறுதான்."

"பாத்தீங்களா இவ வாய!"

"அல்போன்சா, நீ உள்ள போ" என்றார் கஸ்பார். அவள் போகவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கெணத்துல போட்டுர்றேன் தாயி. ஒருத்தருக்கும் தெரியாது. பேச்சிமுத்து குடும்பத்த நான் பாத்துக்கிறேன்."

"குடும்பத்தப் பாத்துக்கிருவீங்க. கண்ண? ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். 'யாரு சுட்டாங்கன்னு தெரிஞ்சுச்சா பாப்பா'ன்னு எங்கிட்ட கேக்குறாரு."

"ஒங்கம்மாவ நெனச்சுப் பாரு."

பொண்டாட்டியை நினைத்துப் பார் என்று சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. இந்த நேரத்திலும் அக்காதான்!

"நெனச்சாச்சு. எடுங்க."

"சரி, நானே ஸ்டேஷனுக்குப் போறேன். நான்தான் சுட்டேன்னு எழுதிக் குடுத்துர்றேன். விடு."

பத்து நாளாக அல்போன்சா கேட்காமல் ஒதுக்கி வைத்திருந்த பதில் அது.

"நீங்க வர வேண்டாம். கொண்டாந்து குடுங்க, போதும்."

கஸ்பார் கொல்லைக்குப் போய், தட்டைப் போரைப் பிரித்து, உரச் சாக்கில் சுற்றியிருந்ததை எடுத்து வந்தார். கொடுக்கும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அல்போன்சா பார்த்ததில்லை. பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"சொந்த மாமனக் காட்டிக் குடுக்கத்தான் இம்புட்டுப் படிச்சியாடி? நம்ம குடும்பத்துலயே மொத ஆளா காலேஜுக்குப் போறேன்னு அம்புட்டுப் பேரும் ஒன்னயத் தலையில தூக்கி வச்சு ஆடுனோமே!"

"நான் மாமாவக் காட்டிக் குடுக்கப் போகல அத்தை."

மறித்த கையை மெல்ல விலக்கிவிட்டு அனிஷா படியிறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மாமா செஞ்சது ஸ்பிரிங் மாத்துனது மட்டும்தான். குண்டு வரப்பத் தாண்டாதுன்னு நம்பி, மயில வெரட்ட அன்னைக்குச் சுட்டது நான்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னவள், டவுன் பஸ் வருகிற சத்தம் கேட்டு நடையை எட்டிப் போட்டாள்.