கையோடு வந்த ஜாடி

"கண்ணாடி ஒட்டுற பசை வேணும்," என்றார் கணக்கு வாத்தியார்.

"என்ன சார் உடைஞ்சுது?" என்றார் கடைக்காரர்.

"நீலக் கண்ணாடி ஜாடி. எங்க அக்கா கொடுத்தது. நாளைக்கு வர்றாங்க."

அக்கா என்றால் சும்மா இல்லை. கொடுத்த பரிசை வரும்போதெல்லாம் நலம் விசாரிக்கிற அக்கா. காலையில் மனைவி அதிசயமாக, "இன்னிக்கு நீங்கதான் தூசி தட்டுங்களேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வாத்தியார் ஜாடியைத் தூக்கியதுதான் தாமதம், கழுத்து மட்டும் கையோடு வந்துவிட்டது.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது வெயில்ல வச்சா இறுகிடும், ஜென்மத்துக்கும் விடாது. இது ரெண்டு டியூபா வரும், கலந்து பூசணும், கல்லு மாதிரி நிக்கும்."

"அந்தக் கடைசி டியூப்?"

"அது காகிதம் ஒட்டுறது சார். பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், தூக்கினா வந்துடும்."

"அதையே கொடுங்க."

எந்த வீட்டுக்குப் போனாலும், தாங்கள் கொடுத்த பொருளாகவே இருந்தாலும், தூக்கி அடியில் விலை பார்க்காவிட்டால் அக்கா வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. நாளைக்கும் தூக்குவார். அப்புறம் அவர் பாடு, அக்கா பாடு. தன் மூளையை நினைத்து வாத்தியாருக்கே புல்லரித்தது.

கடைக்காரர் டியூபைப் பையில் போட்டார்.

"உங்க வீட்டுக்கு இதுதான் ராசி போல சார். நேத்து உங்க வீட்டம்மாவும் நீல ஜாடின்னுதான் வந்தாங்க. எல்லாத்தையும் விசாரிச்சுட்டு, கடைசியில இதையேதான் வாங்கிட்டுப் போனாங்க."