சிவப்புக் கோடு

ஆபீசுக்குக் கிளம்பும்முன் கணவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஸ்கேன் செய்த முகத்தின் முப்பரிமாண வடிவத்தில் சுருக்கங்களைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கோடு போடுவது அவர் எழுதிய புரோகிராமின் வேலை. அவள் முகத்தில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை.

"இருபது வருஷமா உங்களோட குப்பை கொட்டுறேன், நெத்தியில ஒரு சுருக்கம்கூடவா விழல? நல்லா எழுதினீங்க புரோகிராம்!"

"சரி பண்ணிடறேன்டி" என்று சிரித்தபடி போனவர், மாரடைப்பில் திரும்பி வரவே இல்லை.

துக்கம் விசாரிக்க வந்த ஆபீஸ் நண்பர் தயங்கினார். "அண்ணனோட புரோகிராமை இப்ப நான்தான் பாக்கறேன். அதுல தப்பே இல்லக்கா. உங்க முகத்துல மட்டும் கோடு போடக்கூடாதுன்னு அண்ணன் தனியா எழுதி வெச்சிருக்கார். எடுத்துடட்டுமா?"

"பொண்டாட்டிக்காகக் கம்ப்யூட்டரையே பொய் சொல்ல வெச்ச மகராசன்! இருக்கட்டும், விடுங்க."

அந்தப் புரோகிராமில் அவளுக்கு இன்னும் சுருக்கம் விழவில்லை.