அவர் படித்துக்கொண்டிருக்கிறார்

ஒரு வீடாம், அந்த வீட்டில் ஓர் அறையாம், அந்த அறைக்குள்ளே ஒரு படிப்பாளியாம்.

படிப்பாளி என்றால் பள்ளிக்கூடப் பையன் இல்லை. நாற்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற உத்தியோகம். அந்தத் தொழிலில் பெரிய சர்டிஃபிகேட் பரீட்சை ஒன்றை எழுதிவிடுவது என்று தீர்மானம் பண்ணிவிட்டார். ஆபீஸ் விட்டு வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரமாட்டார். தட்டுதான் உள்ளே போகும்.

"பரீட்சை எப்போ?" என்று யாராவது கேட்டால், "இன்னும் ஒரு ரிவிஷன் பாக்கி" என்பார்.

இரண்டு வருஷமாக அந்த ஒரு ரிவிஷன்தான் பாக்கி.

அவர் படிக்கிறார் என்பதால் வீடே உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தது. டி.வி. ஊமைப் படம் காட்டியது. குழாயைக் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். தும்மல் வந்தால் பால்கனிக்கு ஓட வேண்டும்.

ரொம்ப நாள் கழித்து வந்திருந்த தங்கைக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பாளியின் கூடப்பிறந்தவள், அவளும் புரோகிராமர்தான். வந்து காபி குடித்து முடித்தாகிவிட்டது, அண்ணன் முகத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

அண்ணி தேநீரோடு போய் விரல் நுனியால் கதவைத் தட்டியபோது தங்கையும் பின்னாலேயே போய் நின்றாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்து டம்ளரை வாங்கியது. "சர்க்கரை கம்மி. நேத்தும் சொன்னேன்."

"அண்ணா, நான் வந்திருக்கேன்."

"தெரியும். சத்தம் கேட்டுது. கதவைச் சாத்து."

அந்த ஒரு சாண் இடுக்கில், மேசைமேல் விரித்திருந்த தடிப் புத்தகத்தைத் தங்கை பார்த்துவிட்டாள். அண்ணியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணி, உங்களுக்கு வாயே கிடையாதா? வேலைக்கும் போயிட்டு வந்து, சமைச்சு, பாத்திரம் தேய்ச்சு, துரைக்கு இடுக்கு வழியா டம்ளர் நீட்டறீங்க."

"படிக்கிறவரைத் தொந்தரவு பண்ணலாமா?" அண்ணி அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

"என்ன பெரிய படிப்பு? அவர் வச்சிருக்கற புத்தகத்துக்குப் பரீட்சையே இப்ப கிடையாது. போன வருஷமே நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா வந்த புதுசைத்தான் நான் எழுதினேன். ஆபீஸ்ல ஒருத்தர்கூடவா இதைச் சொல்லல?"

"அவர்கிட்ட யாரு பேச்சுக் குடுப்பாங்க? குடுத்தா கிளாஸ் எடுத்துடுவாரே."

"நான் சொல்றேன். இன்னிக்கே புத்தகத்தை மூட்டை கட்ட வைக்கிறேன். உங்களுக்காகத்தான் அண்ணி." தங்கை கிளம்பிவிட்டாள்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மகள் உள்ளே வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, இன்னிக்கு எங்க கிளாஸ்ல ஒருத்தி ரப்பர் கீழ விழுந்துடுச்சு, அதைத் தேட நாங்க எல்லாரும் பெஞ்சுக்கு அடியில போயிட்டோமா, டீச்சரும் குனிஞ்சு தேடினாங்களா, ஹெட்மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தா கிளாஸ்ல ஒரு ஆள் இல்ல. யாரு லீவு விட்டதுன்னு கேக்கறாரு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தங்கை அப்படியே நின்றாள். முன்பு வந்திருந்தபோது 'அத்தை' என்று சொல்லி முடிப்பதற்குள் இந்தக் குழந்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்பா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். 'திக்காம சொல்லு. ம், மறுபடி முதல்லேர்ந்து சொல்லு.'

"எப்ப அண்ணி இவளுக்குத் திக்கறது நின்னுது?"

"அவர் உள்ள போனதுக்கு அப்புறம்தான். கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப, பரீட்சை இல்லைங்கறது..."

"எனக்குப் போன வருஷமே தெரியும்." அண்ணி இன்னும் மணிக்கட்டை விடவில்லை. "தேதி கேட்டு வைன்னு அவர்தான் சொன்னார். போன் பண்ணினேன். அந்தப் பரீட்சை இனிமே கிடையாதுன்னாங்க. உடனே சொல்லலாம்னுதான் கதவைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"கதவைச் சாத்துன்னார். சாத்திட்டேன்."

தங்கை மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். நேரே போய் அண்ணன் கதவைப் பலமாகத் தட்டினாள். சமையலறை வாசலில் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?" கதவு ஒரு சாண் திறந்தது.

"ஒண்ணுமில்லண்ணா, கிளம்பறேன். உன் பரீட்சையில ஒவ்வொரு பாடத்துலயும் உள்ள நுழைஞ்சு நுழைஞ்சு கேக்கறாங்களாம். அவசரப்படாம படி."

"அதான் நானும் நினைச்சேன். முதல்லேர்ந்து இன்னொரு தடவை பார்த்துடணும்."

"பாரு. நிதானமா பாரு." கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நீங்ககூட ஏதோ பரீட்சைக்குப் படிக்கணும்னு சொன்னீங்களே, நான்தான் வேண்டாம்னு தடுத்தேன். ஞாபகம் இருக்கா? இல்ல, கோபமெல்லாம் இல்ல. படிங்க. நம்ம வீட்லயும் பின்பக்க ரூம் சும்மாதானே கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.