அலமாரிக்கு வந்த இரண்டாவது மெஷின்

அலமாரியின் மேல்தட்டில் இரண்டு வருஷமாகத் தூசி படிந்து கிடந்தது பழைய பிரஷர் மெஷின். போன மாதம் வாங்கிய புது மெஷினையும் சிங்காரவேலு அதன் பக்கத்தில் வீசிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன்னையுமா?" என்று அலுப்போடு கேட்டது பழையது.

"ஆமாண்ணே. கையை மாத்தி மாத்தி மூணு தடவை கட்டினாரு. மூணு தடவையும் நூத்தியெண்பதுதான். 'தலைவலிகூட இல்லாத ஆளுக்கு எப்படி இவ்வளவு வரும்? டப்பா மெஷின்'னுட்டாரு."

"நான் வந்தப்ப நூத்தம்பதுதான். அப்பவும் என்னைத்தான் டப்பான்னாரு."

மூலையில் கிடந்த பிரஷர் மாத்திரை அட்டை மெல்ல அசைந்தது. அதில் இரண்டைத்தான் அவர் போட்டிருந்தார். "இனிமேலாவது என்னைத் தேடுவாரா?" என்றது.



ஒரு வாரம் போனது. வெளியே அட்டைப்பெட்டி கிழியும் சத்தம் கேட்டது. பிறகு, கைப்பட்டையில் காற்றேறும் சத்தம். "இதுவும் டப்பாதான்!" என்றார் சிங்காரவேலு. அவர் நாக்கு லேசாகக் குழறியது.

"தள்ளிப் படு தம்பி, இன்னொருத்தன் வர்றான்," என்றது பழையது.

மூன்றும் ஒதுங்கி இடம்விட்டுக் காத்திருந்தன. வெளியே ஏதோ கனமாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவே இல்லை.