ஊருக்குள் போகாத பைபாஸ்

அம்மாவின் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு சிசுவின் நெஞ்சுக்குள் ஒரு குட்டி ரத்தக்குழாய் இருந்தது. வருகிற ரத்தத்தை நுரையீரல் பக்கம் விடாமல் நேரே உடம்புக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. பஸ் கண்டக்டர் தோற்றான், அப்படி ஒரு தொண்டை.

"பைபாஸ், பைபாஸ்! ஊருக்குள்ள போகாது!"

பக்கத்தில் நீர் கோத்துக் கிடந்த நுரையீரல் கெஞ்சும். "அண்ணே, இந்தப் பக்கமும் கொஞ்சம் பேரை அனுப்புங்களேன்."

"உன் ஊர்ல என்னடா இருக்கு? ஒரு வாய் காத்து உண்டா? மூச்சு விடத் துப்பில்ல, பேச வந்துட்டான். நான் இல்லேன்னா இந்த உடம்பே இல்ல, தெரிஞ்சுக்கோ!"

பிள்ளை பிறந்தது. வீல் என்று ஓர் அழுகை. நுரையீரல் பொங்கி விரிந்தது. ரத்தமெல்லாம் திபுதிபுவென்று அந்தப் பக்கம் ஓடிற்று.

"நில்லுங்கப்பா! பைபாஸ்!" என்று குழாய் கத்தியது. காற்று குடித்துத் திரும்பிய ரத்தம் பட்டதும் அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"அண்ணே, கத்தாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்றது நுரையீரல்.

இரண்டு நாள் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தார். பிறந்த பிறகும் இந்தக் குழாய் மூடி அடங்காமல் மூச்சுத் திணறும் பிள்ளைகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவர். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். குழாய் தம் பிடித்து "பை..." என்று பார்த்தது. சத்தம் வரவில்லை.

"அப்பாடா, வாயை மூடிடுச்சு. சமத்துக் குழாய்!" என்றார் டாக்டரம்மா.

குழாய் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.